முப்பத்தேழு மதிப்பெண்

நம்மவர் வீடுகளில் மதிப்பெண் என்ற சொல்லுக்கு உள்ள மதிப்பு வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. ஊரையும் உற்றாரையும் விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து குடியேறிய நமக்கு, பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணே நிலம், அதுவே வீடு, நாளைக்கென்று நாம் வைத்திருக்கும் ஒரே ஈடும் அதுவே. ஆகவே, 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் என் மகள் எதிரே வந்து நின்று, "அப்பா, 50-க்கு 37" என்று சொன்னபோது, நான் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மற்றப் பதின்மூன்றும் எங்கே போயின?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த கைப்பேசியைச் செய்தித்தாளின்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எடுத்துப் பார்த்தேன். அது பள்ளிக்கூடத்துப் பரீட்சை அன்று. ஆட்டிசம் என்னும் இயல்பு தம்மிடம் இருக்கக்கூடுமோ என்று ஐயுறும் பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும், இணையத்தில் தாமே கேள்விகளுக்கு விடையளித்துப் பார்த்துக்கொள்ளும் முன்சோதனை ஒன்றின் முடிவு அது. 32 அல்லது அதற்கு மேல் வந்தால் தக்கவரை நாடிக் கலந்துகொள்வது நலம் என்று அடியில் குறித்திருந்தது.

இதனை நம் சங்கத்தின் ஏட்டில் எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினேன். இறுதியில் என் மகளையே கேட்டேன். "பெயர் போடாமல் எழுதுங்கள், அப்பா. ஆனால் உங்கள் தவறுகளையும் சேர்த்து எழுதுங்கள்" என்றாள். அந்த நிபந்தனைக்கு உடன்பட்டே எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, 1993-ஆம் ஆண்டில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டில்லிக்கு வந்து சேர்ந்தவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகப் புகுந்து படிப்படியாக உயர்ந்தேன். என் மனைவி வங்கியில் பணி புரிகிறாள். எங்களுக்கு ஒரே மகள். 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் பிறந்தவள். அவளுக்கு ஒன்றரை வயது நடக்கையில் என் மனைவிக்கு வெளியூர் மாற்றல் வந்தது. வேறு வழியின்றிக் குழந்தையை ஊரில் என் தாயாரிடம் கொண்டுபோய் விட்டோம். மூன்றரை வயதில்தான் திரும்ப அழைத்துவந்தோம். இந்த இரண்டு ஆண்டுகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

டில்லியில் பள்ளியில் சேர்த்த நாள் முதலே அவள் ஒதுங்கி நின்றாள். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். தோழி என்று ஒருத்தியைத்தான் ஏற்பாள். அந்தத் தோழி வராத நாளில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவருவாள். வகுப்பாசிரியை கேட்டபோது எங்களிடம் விடை தயாராக இருந்தது: "வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். குழந்தை குழம்பியிருக்கிறாள், போகப் போகச் சரியாகிவிடும்." ஊருக்குப் போனால் அங்கே உறவினருக்கு வேறொரு விடை தயாராக இருந்தது: "டில்லிப் பிள்ளைதானே! நம் மனிதர்களோடு பழகத் தெரியவில்லை."

பிற மாநிலங்களில் வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு உரிய ஒரு வழுக்கல் இங்கேதான் இருக்கிறது என்பதைப் பிற்பாடு உணர்ந்தேன். பிள்ளையிடம் காணும் எந்த வேறுபாட்டுக்கும் மொழியும் ஊரும் காரணமாக நமக்கு எளிதில் அகப்பட்டுவிடுகின்றன. அக்காரணம் பெரும்பாலும் மெய்யாகவும் இருப்பதால், பொய்யாக இருக்கும்போது அதை நாம் கண்டுகொள்வதில்லை. இரண்டு மொழிகளைப் பேசி வளர்வதனால் ஆட்டிசம் வருவதில்லை. மொழி பழகிவிட்ட பிறகும் ஒதுக்கம் நீடிக்குமானால் காரணம் வேறு என்று அப்போதே நினைத்திருக்க வேண்டும். என் மகள் ஆறு வயதில் மூன்று மொழிகளையும் பிழையறப் பேசினாள். ஒதுக்கம் மட்டும் போகவில்லை.

இனி, என் தவறுகளுள் பெரியது. 2014-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில் சிறுவர் ஒப்புவித்தல் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தேன். வீட்டில் ஓர் எழுத்துக்கூடத் தவறாமல் சொன்னவள். மேடையேறியதும் ஒலிபெருக்கி கீச்சென்று ஒரு முறை அலறிற்று. அவள் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தினூடே ஓடி, வெளியே செருப்புகள் கிடந்த இடத்தில் போய்க் குந்திக்கொண்டாள். எனக்கு அவமானம் பொறுக்கவில்லை. பலர் பார்க்க அவள் கன்னத்தில் அறைந்தேன். அன்று அங்கே இருந்த அன்பர்கள் சிலர் இதைப் படிக்கவும் கூடும். அவர்களுள் ஒருவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். அவருக்கு இன்று என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதன்பின் அவள் மாறினாள். விருந்தினர் வந்தால் வணங்கினாள். கேட்டதற்கு விடை சொன்னாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். அடி உதவியது என்றே நான் எண்ணியிருந்தேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. உலகமே அச்சத்தில் கிடந்த அந்நாட்களில் எங்கள் வீட்டில் ஒருத்தி மட்டும் நிம்மதியாக இருந்தாள். நேரத்துக்கு உண்டாள், உறங்கினாள், முன்னெப்போதையும்விட நன்றாகப் படித்தாள். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பள்ளி மறுபடியும் திறந்தது. மூன்றாவது வாரத்தில், காலணியின் கயிற்றைக் கட்டியபடியே வாயிற்படியில் அமர்ந்து ஒரு மணி நேரம் அழுதாள். மறுநாளும் அவ்வாறே. வாய்விட்டுக் காரணம் சொல்ல அவளால் இயலவில்லை. அச்சமயத்தில்தான், தன்னைப் பற்றித் தானே தேடத் தொடங்கி, அந்தச் சோதனையைக் கண்டெடுத்தாள்.

அவள் எழுதிய சோதனை ஏதோ வம்புக்காகச் செய்த விளையாட்டு அன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சைமன் பாரன்-கோகன் என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட வினாத்தாள் அது. பிறரோடு பழகுதல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுதல், நுணுக்கங்களைக் கவனித்தல், உரையாடல், கற்பனை என ஐந்து பிரிவுகள். பிரிவுக்குப் பத்தாக 50 கேள்விகள். முற்றிலும் உடன்பாடு, ஓரளவு உடன்பாடு, ஓரளவு மறுப்பு, முற்றிலும் மறுப்பு என்னும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே ஆண்டில் வயர்டு என்னும் அமெரிக்கச் சஞ்சிகை அதனை அச்சிட்டுப் பரப்பியது. அதிலிருந்து பத்துக் கேள்விகளை மட்டும் எடுத்து அமைத்த சிறிய வடிவம் 2012-இல் வந்தது. அதில் 6 வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பர். 16 வயதுக்கு மேற்பட்டோர் தாமே விடையளிக்கலாம். 12 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குரிய தாளைப் பெற்றோர் நிரப்ப வேண்டும்.

அன்று இவை ஒன்றும் எனக்குத் தெரியா. "காய்ச்சலா என்று அறியக்கூட வைத்தியர் வேண்டும். மனத்தை அறிய கைப்பேசி போதுமா?" என்று மனைவியிடம் சீறினேன். சோதனை பொய் என்று மெய்ப்பிப்பதற்காக நானே உட்கார்ந்து எழுதினேன். கேள்விகள் சிலவற்றைப் படித்ததும் சிரிப்பு வந்தது. விருந்துக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போவதை விரும்புவீரா என்று ஒரு கேள்வி. வண்டிகளின் எண் பலகைகளைக் கவனிக்கும் வழக்கம் உண்டா என்று மற்றொன்று. இரயில் கால அட்டவணையை மனப்பாடமாக ஒப்புவிக்கும் எங்கள் அலுவலகத் தமிழர்களுள் பாதிப் பேர் இப்பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியிருப்பர் என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு வந்தது 19.

பிறகு என் மனைவி ஒரு காரியம் செய்தாள். மகளைத் தான் அறிந்த வரையில், அவளுக்காகத் தானே அதே ஐம்பது கேள்விகளுக்கும் விடையளித்தாள். 21 வந்தது. "பார்த்தாயா? தாய்க்குத் தெரியாததா?" என்று வெற்றியோடு மகளை அழைத்தேன்.

அவள் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, வேறுபட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். "பிறரோடு பேசுவது எளிதா என்ற கேள்விக்கு அம்மா எளிது என்று போட்டிருக்கிறாள். நான் பேசுவதைத்தான் அம்மா பார்க்கிறாள். ஒருவர் வீட்டுக்குப் போகுமுன் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று குளியலறையில் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அது அம்மாவுக்குத் தெரியாது" என்றாள். "ஆனால் நீ எல்லாரையும் முகம் பார்த்துத்தானே பேசுகிறாய்?" என்று என் மனைவி கேட்டாள். "கண்ணைப் பார்க்கவில்லை அம்மா. பொட்டைப் பார்க்கிறேன். புருவத்துக்கு நடுவே பார்த்தால் கண்ணைப் பார்ப்பதாக எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு கண்டுபிடித்தேன்."

என் மனைவி தன்னையறியாமல் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்று மாலைவரை எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

மகள் போட்டது 37. தாய் போட்டது 21. இடையில் இருந்த 16 மதிப்பெண்களும் எட்டு ஆண்டுகளாக அவள் எங்களுக்குத் தெரியாமல் செய்துவந்த உழைப்பு. அடி உதவியது என்று நான் எண்ணியிருந்ததும் அதுதான். இவ்வாறு மறைத்துப் பழகுவது ஆட்டிச இயல்புடையோரிடம், சிறப்பாகப் பெண்களிடம், மிகுதி என்றும், பெண்களைக் காலம் தாழ்த்தியே கண்டறிவதற்கு அது ஒரு காரணம் என்றும் பின்னர் அறிந்தேன். இந்த மறைப்பை அளப்பதற்கென்றே 25 கேள்விகள் கொண்ட தனி வினாத்தாளும் இருக்கிறதாம்.

நிற்க. மகளின் மதிப்பெண்ணைக் கண்டதும் அவளுக்கு ஆட்டிசம் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தாலும் அது தவறாகவே இருந்திருக்கும். கணக்கில் பழக்கமுள்ளவன் என்ற முறையில் அந்தச் சோதனையின் கணக்கை இங்கே விளக்க விரும்புகிறேன். 2001-ஆம் ஆண்டு ஆய்வில், ஆட்டிச வகையினர் என்று மருத்துவர் உறுதி செய்திருந்தவர்களுள் நூற்றுக்கு 80 பேர் 32-ஐயோ அதற்கு மேலோ பெற்றனர். ஏனையோருள் நூற்றுக்கு இருவரே அவ்வளவு பெற்றனர். கேட்பதற்குத் துல்லியமாகத் தோன்றும். இப்போது ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவர் ஆட்டிச இயல்புடையவர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அவ்வாயிரவருள் அவர்கள் 10 பேர். அப்பத்துப் பேருள் 8 பேர் 32-ஐ எட்டுவர். எஞ்சிய 990 பேருள் நூற்றுக்கு இருவர் வீதம் ஏறத்தாழ 20 பேரும் எட்டுவர். ஆக, 32-ஐ எட்டிய 28 பேருள் உண்மையில் ஆட்டிச இயல்புடையவர் 8 பேரே. எட்டாமற்போன இருவர், தமக்கு ஒன்றுமில்லை என்று வீண் ஆறுதலோடு வீடு திரும்புவர்.

இணையத்தில் இச்சோதனையைத் தேடிச் செல்வோர் ஏற்கெனவே ஏதோ ஓர் இடர்ப்பாட்டினால் செல்கிறவர்கள். ஆதலால் அவர்களிடையே இக்கணக்கு மாறலாம். ஆனால் கூட்டத்தைக் கண்டால் நடுங்கும் பதற்றமும், மனச்சோர்வும், கவனக் குறைபாடும்கூட இதே கேள்விகளுக்கு இதே விடைகளைத் தரவல்லன. கதவைத் தட்டும் ஓசை கேட்கிறது என்று சொல்ல இச்சோதனைக்கு இயலும். வந்திருப்பவர் யார் என்று சொல்ல இயலாது.

முதலில் ஒரு மருத்துவரிடம் சென்றோம். அவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "பெண் நன்றாகப் பேசுகிறாள், கண்ணைப் பார்க்கிறாள். இணையத்தைப் பார்த்து வருகிற வியாதி இது" என்று சிரித்து அனுப்பிவிட்டார். அன்று அவர் நெற்றியில் பொட்டில்லை, திருநீறு இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரைக் கண்டோம். அந்த அம்மையார் மகளின் மதிப்பெண் தாளைச் சிரிக்காமல் வாங்கி ஒருபுறம் வைத்தார். "இந்த எண் எனக்கு வேண்டாம். ஆனால் எந்தெந்தக் கேள்வியைப் படிக்கையில் இது நான் என்று உனக்குத் தோன்றியது? அதைச் சொல்" என்றார். மகள் முக்கால் மணி நேரம் பேசினாள்.

பிறகு எங்களிடம் திரும்பினார். ஆட்டிசம் என்பது நடுவயதில் வந்து ஒட்டிக்கொள்ளும் நோய் அன்று என்றும், பிறவியிலேயே அமைந்த மூளை வளர்ச்சியின் ஒரு வகை என்றும், ஆதலால் இளம் பருவத்திலேயே அதன் சுவடுகள் இருந்திருக்க வேண்டும் என்றும் விளக்கினார். "இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரையில் குழந்தை எப்படி இருந்தாள்?" என்று கேட்டார். "சாதாரணமாகத்தான் இருந்தாள்" என்று நான் உடனே சொன்னேன். என் மனைவி தலை குனிந்தாள். "எங்களுக்குத் தெரியாது, டாக்டர். அப்போது அவள் எங்களோடு இல்லை" என்றாள்.

அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். என் தாயாருக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. ஆட்டிசம் என்ற சொல்லை நான் சொல்லவில்லை; குழந்தை அந்நாளில் எப்படி இருந்தாள் என்று மட்டும் கேட்டேன். அம்மா தயங்காமல் சொன்னார்:

"அவளை மறக்க முடியுமா, தம்பி? வேணும்னா வாயைத் திறந்து கேக்க மாட்டா. விரலை நீட்டியும் காட்ட மாட்டா. என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி, என் கையை முறுக்கு டப்பா மேல வைப்பா. புளியங்கொட்டையை எல்லாம் பெரிசு சிறிசாப் பார்த்து, திண்ணை முழுக்க வரிசையா அடுக்குவா. ஒண்ணைக் கலைச்சாலும் அழுது மூச்சு நின்னுடும். கோயில்ல தவில் சத்தம் கேட்டா நெல்லுக் குதிருக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்குவா. கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. காது கேக்கலையோன்னு பயந்து நான் பின்னாலிருந்து தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தேன், நல்லாத்தான் கேட்டுது."

"இதையெல்லாம் ஏன் அம்மா அப்போதே சொல்லவில்லை?" என்றேன். "நீ கேக்கலையே, தம்பி. நீயும் சின்ன வயசிலே சோழியை அப்படித்தான் அடுக்கிக்கிட்டுக் கிடந்தே. உன்னைப் போல இருக்கான்னு சந்தோஷப்பட்டுக்கிட்டேன்" என்றார்.

அடுத்த சந்திப்பில் உளவியலாளர் அம்மாவுடனேயே தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினார். பாட்டி இந்தியோ ஆங்கிலமோ அறியார். நடுவே மொழிபெயர்த்தவள் மகள். தன் குழந்தைப் பருவத்துக்குத் தானே மொழிபெயர்ப்பாளியாக அமர்ந்திருந்த அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு முடிவு எழுத்தில் வந்தது. ஆட்டிச வகையினள், அறிவு வளர்ச்சியில் குறைவு இல்லை, பதற்றம் உடன் இருக்கிறது, அதற்கு உதவி தேவை. "என்னிடம் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்பா" என்று வழியில் அவள் சொன்னாள். "கெடவில்லை. வேறு மாதிரி." அன்று முதல் காலையில் காலணி கட்டும்போது அழுவது உடனே நின்றுவிட்டது என்று சொன்னால் அது கதை. குறைய ஐந்து மாதங்கள் ஆயின.

இந்த இயல்பு உலகுக்குப் புதிதன்று. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். நெடுங்காலம் இதைப் பேசாத குழந்தைகளின் நிலையாகவே கருதினர். தாயின் பாசக் குறைவே காரணம் என்றுகூட ஒரு காலத்தில் பழி சுமத்தினர். அது பொய் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. பேச்சும் படிப்பும் குறைவற்றவர்களிடமும் இது உண்டு என்பது பின்னரே பரவலாக ஏற்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு எல்லா வகைகளையும் ஒரே நிறமாலையாகச் சேர்த்தது. ஆகவே நம்மிடையே முப்பதிலும் நாற்பதிலும் இருப்போர், தம் பள்ளிப் பருவத்தில் யாராலும் கண்டறியப்படாமல் வளர்ந்தவர்களாக இருத்தல் கூடும். தமிழ்ச் செய்தித்தாள்கள் இதனை மதியிறுக்கம் என்று எழுதுகின்றன. என் மகளுக்கு அச்சொல் பிடிக்கவில்லை. "என் மதி இறுகவில்லை. சத்தம் கேட்டால் உடம்புதான் இறுகுகிறது" என்கிறாள்.

பட்டறிந்தவன் என்ற உரிமையில் நம் குடும்பங்களுக்குச் சிலவற்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன்.

உங்கள் பிள்ளை இத்தகைய மதிப்பெண் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், சிரிக்காதீர்கள், சினக்காதீர்கள், எண்ணைப் பற்றி வாதாடவும் வேண்டாம். எந்தக் கேள்வி உன்னைத் தொட்டது என்று கேளுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்தால்தான் முடிவைக் காட்டுவோம் என்னும் தளங்களையும், முடிவு வந்த கையோடு பணம் கட்டச் சொல்லும் தளங்களையும் மூடிவிடுங்கள். இதனை அடியோடு மாற்றும் மருந்து எதுவும் இல்லை. குருத்தணு சிகிச்சை என்று பல இலட்சம் ரூபாய் கேட்போர் உண்டு. ஆட்டிசத்துக்கு அச்சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது.

சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கு இணையச் சோதனை செல்லாது. நம் நாட்டிலேயே வகுத்த, 40 கூறுகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலைக் கொண்டு அரசு மருத்துவமனையில் மதிப்பிடுவர். 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு என்று சான்று கிடைத்தால், பொதுத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளைக் கோரலாம். என் மகள் யோசித்துப் பார்த்து, சான்றிதழ் இப்போதைக்கு வேண்டாம் என்று தானே முடிவு செய்தாள். வேண்டும் என்று முடிவு செய்வோரும் செய்வது சரியே. டில்லிவாசிகளுக்கு 1991 முதல் இங்கே இயங்கிவரும் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் என்னும் அமைப்பும் வழி சொல்லும்.

எல்லாவற்றையும்விட முதன்மையான ஒன்று. உங்கள் குழந்தை சில காலமாவது ஊரில் பாட்டியிடமோ அத்தையிடமோ வளர்ந்திருந்தால், அந்நாளைய செய்திகளை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். முதல் சொல் எப்போது, விரல் நீட்டிக் காட்டியது எப்போது, எதைக் கண்டு அஞ்சினாள், எதை விடாமல் செய்தாள் என்பவையெல்லாம் நம் குடும்பங்களில் பதிவேடின்றி முதியோர் நினைவில் மட்டும் இருக்கின்றன. என் தாயார் 2023-ஆம் ஆண்டு ஐப்பசியில் காலமானார். ஓர் ஆண்டு கழித்துக் கேட்டிருந்தால் அந்தப் புளியங்கொட்டை வரிசையைப் பற்றி எங்களுக்குச் சொல்ல இவ்வுலகில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

வீட்டில் நாங்கள் செய்த மாற்றங்கள் சிறியவை. விருந்தினர் வரவை முதல் நாளே சொல்லிவிடுகிறோம். திருமண வரவேற்புகளுக்கு வா என்று அழைக்கிறோம். வந்தே ஆக வேண்டும் என்று சொல்வதில்லை. குக்கர் ஊதுமுன் என் மனைவி ஒரு குரல் கொடுக்கிறாள். பொட்டையோ கண்ணையோ பார்க்க வேண்டும் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. எங்களோடு பேசும்போது அவள் சன்னலைப் பார்த்துத்தான் பேசுகிறாள். முன்னைவிட நிறையப் பேசுகிறாள். கல்லூரியில் புள்ளியியல் எடுத்துப் படித்தாள்.

2024-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, தானாகவே வருகிறேன் என்றாள். காதில் ஓசை தடுக்கும் கருவியை மாட்டிக்கொண்டு வாயிலருகே கடைசி நாற்காலியில் அமர்ந்திருந்தாள். சிறுவர்கள் ஒப்புவித்ததையெல்லாம் கேட்டாள். பிறகு என் தோளைத் தொட்டு, "நாற்பது நிமிஷம் ஆயிற்று, அப்பா. போதும்" என்றாள். எழுந்து இருவரும் வீட்டுக்கு நடந்தோம். வழியில் 2014-ஆம் ஆண்டைப் பற்றி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் நடந்தபின், "அன்றைக்குப் பாட்டை முழுக்கச் சொல்லியிருப்பேன், அப்பா. அந்தச் சத்தம் மட்டும் வராமல் இருந்திருந்தால்" என்றாள்.

சங்கத்தின் செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பத்தோடு இதனை முடிக்கிறேன். விழா நாட்களில் கூடத்தின் பக்கத்து அறையை ஒலிபெருக்கியில்லாமல் அமைதியாக வைத்து, விரும்புவோர் சென்று அமரலாம் என்று அழைப்பிதழில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சிறுவர் போட்டி நடக்கும்போது ஒலிபெருக்கியை முன்னதாகச் சோதித்து, ஓசையைக் குறைத்து வைக்க ஒருவரை நியமியுங்கள். நாற்காலிகளை எடுத்துப் போடவும் அறைக் கதவருகே நிற்கவும் நானும் என் மனைவியும் வருகிறோம்.